முன் சீட்டின் கனம்

செய்தி வந்தபோது நான் சின்னமனூரில் என் வாழைக்காய் மண்டியில் நின்றுகொண்டிருந்தேன். லாரியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த நேரம். சொட்டுநீர்ப் பாசனக் கடை சவரிமுத்து அண்ணனின் மருமகன் போனில் அழைத்தார். “மாமா தவறிட்டாக. கடையில உக்காந்திருந்தவுக, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சாஞ்சுட்டாக” என்றார்.

நானும் சவரி அண்ணனும் இருபது வருடங்களுக்கு மேல் சேர்ந்து தூண்டில் போட்டவர்கள். கேட்டவுடன் கண்ணீர் வந்தது என்று எழுதத்தான் ஆசை. வந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் நினைவுக்கு வந்தது அவருடைய கயாக் என்ற துடுப்புப் படகு. இத்தனை வருடப் பழக்கத்தில் என்னை அந்தப் படகில் ஒரு நாள்கூட ஏற்றாமல் போய்விட்டாரே என்று வயிறு எரிந்தது. சாவுச் செய்தி கேட்டுப் பொறாமைப்பட்டவன் இந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவரை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரியும், பொறுத்துக்கொள்வார்கள். அறியாதவர்களுக்கு அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

என் வாழைத் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் போட வந்தபோதுதான் முதல் பழக்கம். என் வண்டிப் பையில் கிடந்த தூண்டில் நரம்பை எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தார். “என்னப்பா இது, கன்னுக்குட்டி கட்டுற கயிறா?” என்று கேட்டார். அன்று சாயங்காலமே இருவரும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தோம். அவர் கையிலும் மூங்கில் கம்பு, என் கையிலும் மூங்கில் கம்பு. இருவருக்கும் உள்ளங்கை அகல ஜிலேபிக் கெண்டைதான் சிக்கியது. அவர் மேல் எனக்குப் பொறாமை இல்லாத காலம் என்றால் அது ஒன்றுதான்.

பிறகு அவர் விரால் பக்கம் போனார். விரால் பாசிக்கு அடியில் கிடக்கும். ரப்பர் தவளையைப் பாசி மேல் தத்தவிட்டு இழுத்து வந்தால் மீன் படாரென்று வாயைத் திறக்கும். அந்த நொடியில் இழுத்தால் தவளை மட்டும்தான் திரும்பி வரும். “கடிச்சதும் இழுக்காத. ஒரு சிலுவை போடுற நேரம் பொறு, அப்புறம் இழு” என்பார் அண்ணன்.

“எனக்குச் சிலுவை பழக்கமில்லையேண்ணே” என்றேன்.

“அப்ப ‘முருகா’ன்னு ரெண்டு தடவ சொல்லு.”

சொன்னேன். மீன் போய்விட்டது. மறுபடி சொன்னேன், மறுபடியும் போனது. “முருகன் மேல தப்பில்லப்பா. நீ அவர ஓட ஓட வெரட்டுற” என்றார். அதற்குள் அவர் சாக்கில் இரண்டு விரால் துள்ளிக்கொண்டிருந்தன.

சாமான்கள் விஷயத்தில் அவருக்கு இல்லாத கருத்தே கிடையாது. கரையில் நிற்கிறவனுக்கு நீளக் கம்பு, படகில் உட்கார்ந்தவனுக்குக் குட்டைக் கம்பு என்பார். நரம்பை வெயிலில் போட்டு வைப்பவனைக் கண்டால் பேச்சையே நிறுத்திவிடுவார். கடையில் மிஞ்சிய பிவிசி குழாயை வெட்டிக் கம்பு செருகும் தாங்கிகள் செய்தார். அதைப் பார்த்து நானும் செய்தேன், என்னுடையது கோணிக்கொண்டு நின்றது. மானம் பொறுக்காமல் சிங்கப்பூரிலிருந்த மைத்துனனிடம் சொல்லி விலை உயர்ந்த ரீல் ஒன்று வரவழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அண்ணன் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், சுற்றினார், காதருகே வைத்துக் கேட்டார். “அருமையான ரீலுப்பா. மண்டியில தார் தூக்க ஆகும்” என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

கரையிலிருந்து எட்டாத மீன்தான் பெரிய மீன் என்று எல்லோருக்கும் ஒரு காலத்தில் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. நான் லாரி டியூபில் பலகை கட்டி மிதக்கவிட்டேன். “ஒன் காலு தண்ணிக்குள்ள தொங்குது. மீனுக்கு ஒன்னயத் தெரியும், ஒனக்குத்தேன் மீனத் தெரியாது” என்றார். பரிசல் வாங்கலாமா என்று கேட்டேன். “பரிசலு வேல வெட்டியில்லாத மாமா மாதிரி. கெளம்பும், எங்கன போகுதுன்னு அதுக்கே தெரியாது.” மோட்டார் படகு என்றாலே அவருக்கு ஆகாது. கொட்டடித்துக்கொண்டு யாராவது திருடப் போவார்களா என்று கேட்பார். பொட்டிப்புரம் மலைக்குள் சுரங்கம் தோண்டிக் கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்கப்போகிறார்களாம் என்று பேச்சு வந்த நாட்களில், “அதுக்கு என்ன தவளை போடுவாகளோ” என்று ஒரு வாரம் யோசித்தார்.

கடைசியில் கொச்சியிலிருந்து கயாக் வந்தது. குமுளி வழியாக ஒரு லாரி தலையில் ஏறி வந்து கடை வாசலில் இறங்கியது. பாசி நிறத்தில் கேட்டிருந்தார், வந்ததோ பழுத்த ஆரஞ்சு. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அவர் அசரவில்லை. “மீனு கீழருந்து பாக்கும்போது நெழலுதேன் தெரியும். நெழலுக்கு ஏதுப்பா கலரு?” என்றார். அந்தப் படகில் இரண்டு சீட் இருந்தது. நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இது எனக்குத்தானே என்று கேட்டேன்.

அண்ணன் தரையைப் பார்த்தார். “இல்லப்பா. முன்னால கனம் இருக்கு” என்றார்.

கயாக்கில் முன்பக்கம் கனம் இருந்தால்தான் நேராகப் போகும் என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன். மணல் மூட்டை வைப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வாரநாளில் என்னோடு கரையில் உட்காருவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் படகைக் குட்டியானை வண்டியில் போட்டுத் தார்ப்பாய் மூடிக்கொண்டு, அவர் மனைவியான மதினியையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். மதினியைக் கம்பம் ஊரில் மதினியின் அக்கா வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் படகு விடுகிறார் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். “ஞாயித்துக்கெழம வேண்டாம்பா, முன்னால கனம் இருக்கு” என்ற ஒரே பதில்தான். ஒரு மணல் மூட்டைக்குக் கொடுத்த இடத்தை எனக்குக் கொடுக்கவில்லை.

மதினியின் பெயர் மதலை மேரி. கோயில் பீடத்துக்குப் பூ அலங்காரம் செய்கிறவர். அண்ணன் மீனோடு வீட்டுக்குப் போனால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, கொல்லைப்புறம் போகச் சொல்வார். “மதினிக்கு மீன் பிடிக்காதாண்ணே?” என்று கேட்டால் அண்ணன் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எதற்கென்று நான் கேட்டதில்லை.

படகு வந்த மறுவருடம் கடைச் சுவரில் ஒரு படம் ஏறியது. அண்ணன் கயாக்கின் பின் சீட்டில் உட்கார்ந்து, தொடை கனத்துக்கு ஒரு விராலை இரண்டு கைகளிலும் ஏந்தியிருக்கிறார். மடியில் துடுப்பு. அவ்வளவு பெரிய விராலை நான் கண்டதில்லை. “எங்கண்ணே பிடிச்சீக?” என்று கேட்டேன். “நம்ம படகுல ஏறுனது” என்றார். யார் கேட்டாலும் அதே வார்த்தைதான். அடக்கத்துக்குச் சொல்கிறார் என்று ஊர் மெச்சியது. எனக்கு அந்த அடக்கம் இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்தப் படத்துக்கு முதுகு காட்டி உட்காரும்படி, கடைக்குப் போகும்போதெல்லாம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன்.

இறந்த அன்று அஞ்சலி பிளெக்ஸுக்கு நல்ல படம் எது என்று மருமகன் என்னைக் கேட்டார். மனம் வராமல்தான் சுவரைக் காட்டினேன். அவருக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடையாது. அப்போது பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மதினி தலையை நிமிர்த்தினார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

“மீன எடுத்துருங்க தம்பி. அது அவுக பிடிச்சதில்ல.”

துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. சந்தையில் வாங்கி வந்து படம் எடுத்திருக்கிறார் என்று என் மனசு துள்ளியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெட்டியின் ஒரு முனையைத் தோளில் தாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தபோது எனக்குப் பாரமே தெரியவில்லை. வழியில் முக்குக்கு முக்கு பிளெக்ஸ். மீனை அழித்துவிட்டிருந்தார்கள். இரண்டு கைகளையும் நீட்டி, வெறும் காற்றை ஏந்திக்கொண்டு அண்ணன் சிரித்தார். குழியில் ஒரு பிடி மண் போட்டபோது அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன. அதற்கப்புறம் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பாடும் ஆன பிறகு, மதினி என்னையும் என் மனைவியையும் கடைக்குக் கூப்பிட்டார். குழாய்ச் சுருள்களுக்குப் பின்னால் கயாக் சாய்ந்து நின்றது. விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். மூன்றாவதாக நான் கேட்க வாயெடுத்தேன். வாயில் வந்தது வேறு.

“மதினி, அந்த மீன அண்ணன் எங்கன வாங்குனாக?”

ஒரு மாதத்துக்குப் பிறகு மதினி சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். “வாங்குனதா? அது நான் பிடிச்சது தம்பி.”

“ஒங்களுக்குத்தேன் மீனு பிடிக்காதே?”

“மீனு பிடிக்காது. பிடிக்கத்தேன் பிடிக்கும்” என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கம்பத்து அக்கா வீட்டுக்கு அவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு போனால் அதிகம். மற்ற ஞாயிறெல்லாம் இருவரும் ஒரு கண்மாய்க்குப் போயிருக்கிறார்கள். முன் சீட்டில் மதினி, கையில் கம்பு. பின் சீட்டில் அண்ணன், கையில் துடுப்பு. ஒரு படகுக்கு ஒரு கம்புதான் என்பது அவர்கள் போட்ட சட்டமாம். கம்பு, ரீல், நரம்பு என்று இந்த ஊரே அலுத்துப்போகும்படி பேசிய மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலைத் தொட்டதே இல்லை. படம் எடுத்ததும் மதினிதான். மீன் வழுக்கிவிடும் என்று அண்ணனைக் கெட்டியாகப் பிடிக்கச் சொன்னாராம்.

“எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“ஒங்ககிட்டச் சொல்லணும்னு அவுகளுக்கு ஆசைதேன். நாந்தேன் வேண்டாம்னேன். நீங்க மண்டியில சொல்லிப்புடுவீக. பொம்பள தூண்டி போடுறான்னு கரை பூராம் கூட்டம் கூடிரும், அப்புறம் எங்கிட்டு மீனு வரும்? பொய் சொல்லவும் மாட்டாக. அதேன் கனம் இருக்கு, கனம் இருக்குன்னே சமாளிச்சாக.” சாய்ந்து நின்ற படகைக் காட்டி, “அந்தக் கனம் நாந்தேன்” என்றார்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

படகை விற்கவில்லை என்று மதினி சொல்லிவிட்டார். “மகளுக்குத் தண்ணின்னா பயம். மருமகனுக்குத் துடுப்புப் பிடிக்க வராது. தங்கச்சியக் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கெழம வாறீகளா? ஆனா கம்பு கொண்டாரக் கூடாது.” இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டதற்கு, “எழுதுங்க. அவுகளப் பத்தி எழுதுனா உள்ளத எழுதுங்க. கண்மாய் பேர மட்டும் போட்றாதீக” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனோம். என் மனைவி கரையில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். அண்ணனின் மிதவைச் சட்டையை எனக்குக் கொடுத்தார் மதினி. வார் அவருடைய தொப்பைக்கு வைத்தபடியே இருந்தது, எனக்குத் தொளதொளவென்று தொங்கியது. நான் அதை இறுக்கவில்லை. இத்தனை வருடம் ஏங்கிய படகில் ஏறி, பின் சீட்டில் உட்கார்ந்தேன். படகு என் கைக்கு அடங்காமல் அங்கேயும் இங்கேயும் போனது.

“நேராப் போங்க தம்பி. கனந்தேன் முன்னால இருக்குல்ல” என்றார் மதினி, திரும்பாமலே.

பாசியோரம் போனதும் குட்டைக் கம்பால் வீசினார். தவளை சத்தமில்லாமல் விழுந்தது. இரண்டு தத்து தத்தியது, மூன்றாவதில் தண்ணீர் வெடித்தது. என் வாய் ‘முருகா’ என்று ஆரம்பித்துவிட்டது. மதினி கம்பை இடது கைக்கு மாற்றி, வலது கையால் நெற்றியிலும் நெஞ்சிலும் இரண்டு தோள்களிலும் நிதானமாகச் சிலுவை போட்டார். பிறகுதான் இழுத்தார். அந்தச் சிலுவைக் கணக்குக்கூட அண்ணன் கண்டுபிடித்தது இல்லை.

அண்ணே, உங்கள் கம்பின் மேல் பொறாமைப்பட்டேன், ரீலின் மேல் பட்டேன், சுவரில் மாட்டிய மீனின் மேல் பட்டேன். எல்லாம் வீண். பொறாமைப்பட வேண்டிய இடம் நான் அன்று உட்கார்ந்திருந்த பின் சீட்டு. வாரா வாரம் உங்களுக்குக் கிடைத்தது அது. பேச்சே இல்லாமல் துடுப்புப் போட்டுக்கொண்டு, உங்களைவிட நன்றாக மீன் பிடிக்கிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு, வயிறு எரியாமல் இருந்திருக்கிறீர்கள். எனக்கு அது வராது. இப்போதும் எரிகிறது. நிம்மதியாகப் போங்கள், படகைப் பார்த்துக்கொள்கிறேன்.

மீன் ஏறியதும் மதினி அதை என் கையில் கொடுத்தார். “வழுக்கிரும், கெட்டியாப் பிடிங்க” என்று சொல்லிப் படம் எடுத்தார்.

மறுநாள் மண்டியில் அந்தப் படத்தைப் பார்க்கச் சுமைக்காரர்கள் கூடிவிட்டார்கள். பக்கத்து மண்டிக்காரர் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். எனக்குத் தெரியாத முகமா அது, அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. “நீங்க பிடிச்சதாண்ணே?” என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

“நம்ம படகுல ஏறுனது” என்றேன்.