தாம்பூலப் பையில் போட்ட நோட்டு

அந்த நோட்டை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறந்தாங்கியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லை இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்கொள்ளாமல் திருப்பிவிட்டால், ஏன் என்று பார்த்துச் சரிசெய்து மறுபடி அனுப்ப வேண்டும். எந்தக் கம்பெனி எதற்குத் திருப்பும், எதைச் சேர்த்தால் வாயை மூடும் என்று ஆறு வருஷமாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

என் கணவர் பதினோரு வருஷமாகக் குவைத்தில். "போதும், வந்துருங்க. எனக்கு வேலை இருக்கு. இங்கிட்டு ஏதாச்சும் பாத்துக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். அவரும் ஊருக்கு வர கம்பெனியில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மணிலாவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். மூன்று வாரம் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பார்கள் என்றார் மேனேஜர். வெளிநாட்டு ஆள் வந்தால் இன்னும் வேலை வரப்போகிறது என்று நினைத்தோம். முட்டாள்கள். வாசலில் கோலம் போட்டு ஆரத்தி எடுத்தோம். அவர்களை முதலில் யார் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவது என்று சண்டையே நடந்தது. நான் ஜெயித்தேன்.

ஆவுடையார்கோவில் பக்கம் எங்கள் வீடு. மாமியார் கோட்டைப்பட்டினத்து நண்டு வாங்கிக் குழம்பு வைத்தார். "கையால நல்லாத் திங்குதுக. பாவம், கடல் தாண்டி வந்திருக்குதுக. வேலையை ஒளிக்காமச் சொல்லிக் குடு" என்றார். ஒளிக்கவில்லை.

பக்கத்து சீட்டுக்காரி கிண்டலடித்தாள். "என்னக்கா, சம்பந்தி வீட்டாளுகளத் தாங்குற மாதிரி தாங்குறீங்க? பொண்ணு குடுக்கப் போறீங்களா?"

"ஆமா, ஒன்னையத்தான் தள்ளிவிடப் போறேன். வேலையப் பாருடி."

கடைசி நாள். விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பினால் நமக்குத் தூக்கம் வராது. மஞ்சள் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி வைத்தேன். இருவரில் மூத்தவளின் பையில் என் நோட்டையும் போட்டேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். மேனேஜர் கைதட்டினார். அந்த ஆளுக்கு அப்போதே எல்லாம் தெரியும்.

அடுத்த மாதம் எங்கள் வேலை முழுவதும் மணிலாவுக்குப் போய்விட்டது.

"முன்னாடியே தெரியுமா சார்?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

"மேல எடுத்த முடிவும்மா. நீங்க நல்லாச் சொல்லிக் குடுத்ததால சீக்கிரமா முடிஞ்சிருச்சுன்னு பாராட்டினாங்க."

பாராட்டாம். கையிலிருந்த டீயை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு இந்த வேலையைக் கம்ப்யூட்டர் திரையில் சொல்லிக்கொடுத்தவள், அதுவரை இதைப் பார்த்துவந்த ஓர் அமெரிக்கக்காரி. சிரிக்கவே மாட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். உம்மணாமூஞ்சி என்று பேர் வைத்துச் சிரித்தோம். அவளும் நோட்டு வைத்திருந்திருப்பாள். அவள் கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே அவளைத்தான் நினைத்தேன்.

அங்கிருந்தே குவைத்துக்குப் போன் போட்டேன்.

"டிக்கெட் எடுத்துட்டீங்களா?"

"நாளைக்கு எடுக்கணும். ஏன், வரவேணாங்கிறியா?" என்று சிரித்தார்.

வேலை போனதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "இரு. கடுதாசியத் திருப்பித் தருவாங்களான்னு கேட்டுட்டு வாரேன்."

என் பஸ் வந்தது. ஏறவில்லை. போன் அதிர்ந்தது. அவர் இல்லை, மணிலாக்காரி, அந்த மூத்தவள். திருப்பிவிடப்பட்ட ஒரு பில்லைப் படம் பிடித்து அனுப்பி, "அக்கா, இது நோட்டில் இல்லை" என்று இங்கிலீஷில் கேட்டிருந்தாள். அக்கா என்ற சொல்லையும் நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

பதில் எனக்குத் தெரியும். ஒரு வரிதான். அனுப்பவில்லை. போனைப் பையில் போட்டேன். அவர் கூப்பிட்டால் தெரியாதே என்று மறுபடி வெளியே எடுத்தேன்.

இரண்டாவது பஸ்ஸும் போன பிறகு கூப்பிட்டார்.

"கடுதாசியத் திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றார்.

"நல்லது" என்றேன்.