சாவுக்கணக்கு அக்கா

"எழுபத்தெட்டா? ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார் அக்கா. எதிரே, தகப்பனைப் பறிகொடுத்து ஒன்றரை மாதமேயான மகள். வாரத்துக்கு ஒரு வீட்டிலாவது அவருக்கு இப்படி வாய் தவறிவிடும்.

சாவுக்கணக்கு அக்கா என்றால்தான் ஊரில் தெரியும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், ஆறு வாரம் பொறுத்துப் போய், நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் கேட்டுப் படிவம் நிரப்புவது அவர் வேலை. அதை இரண்டு டாக்டர்கள் தனித்தனியே படித்து, இன்ன நோயால் போனார் என்று முடிவு செய்வார்கள். எய்ட்ஸ் ஊரின் இறப்பு விகிதத்தை எவ்வளவு ஏற்றியது, மருந்து எவ்வளவு இறக்கியது என்பதெல்லாம் இந்தப் படிவங்களைக் கூட்டித்தான் தெரியவேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ஊர்க்காரர்களைக் கேட்டால் அந்த நோயில் இங்கே யாருமே செத்ததில்லை. எல்லாம் மஞ்சள் காமாலை, நெஞ்சுச் சளி, கண்பட்டது. அக்காவும் அந்தப் பெயரை உச்சரிப்பதில்லை. பெல்ட்டை விசாரிப்பார்.

"கடைசில பெல்ட்டுல புது ஓட்டை ஏதாவது போட்டாராம்மா?"

"ஆமாக்கா, ஆணிய வச்சு மூணு போட்டாரு."

நோயை மறைக்க ஊரையே ஏமாற்றுகிறவர்களுக்குப் பெல்ட்டைப் பற்றிப் பொய் சொல்லத் தோன்றுவதில்லை. உடம்பு உருகியது அதில் தெரிந்துவிடும். அதன் பின்னால் வாய்ப்புண், பேதி, விடாத இருமல் என்று மற்றவை தாமாக வந்துசேரும்.

இறந்தவர்களை வயதுவாரியாக அடுக்கிய படம் ஒன்றை ஆண்டுதோறும் அலுவலகச் சுவரில் ஒட்டுகிறார்கள். கீழே குழந்தைகள், மேலே கிழவர்கள். நடுவயது சாகிற வயதல்ல. அதனால் படம் இடுப்பில் ஒடுங்கியிருக்க வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய படத்துக்கோ பெருந்தொப்பை. மருந்து வந்து, ஜனங்கள் அதை ஒழுங்காக விழுங்கத் தொடங்கியபின் தொப்பை கரைந்துகொண்டே வருகிறது. புதிதாக வந்த அதிகாரிக்குச் சந்தேகம்: சாவு குறைந்ததா, அல்லது மறைப்பதில்தான் ஜனங்கள் தேறிவிட்டார்களா?

"நோய மறைப்பாங்க சார். முப்பத்தஞ்சு வயச எப்படி மறைப்பாங்க?" என்றார் அக்கா. தம் வயதை மூன்று வருஷமாக நாற்பத்தொன்பதிலேயே நிறுத்தி வைத்திருப்பவர்.

அக்காவின் வீட்டில், பஸ் டிரைவரான கணவர் கை கழுவும்போதே கேட்பார்: "இன்னைக்கு எத்தன?"

"மூணு. மூணும் கிழடு."

"அப்பாடா, தைரியமா சாப்பிடலாம்."

முப்பதுகளில் ஒன்று வந்த நாளில் சோற்றோடு வருகிற எதிலும் உப்பு இருக்காது. இது கணவர் திரட்டிய புள்ளிவிவரம்.

அக்காவைப் பற்றி எழுத நான் கூடப்போன அன்று அப்படி ஒன்று வந்தது. லாரி ஓட்டியவர், முப்பத்தாறு. மஞ்சள் காமாலை என்றாள் மனைவி. தையல் கம்பெனியில் வேலை செய்கிறவள். பெல்ட் கேள்வியிலேயே உஷாராகிவிட்டாள்.

"நீங்க எங்க வர்றீங்கன்னு தெரியுதுக்கா. எழுதாதீங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா நாளைக்கே நிறுத்திடுவாங்க. ரெண்டு புள்ளைங்க இருக்கு."

அக்கா பேனாவை மூடினார். எழுதாவிட்டால் இன்னொரு பொய் மஞ்சள் காமாலை கணக்கில் ஏறும்.

"நீ மருந்து சாப்பிடறியா?"

"ஏழு வருஷமா. ஒருவேள விட்டதில்ல. அவருதான் வண்டி எடுத்தா மறந்துடுவாரு. சொன்னா எரிஞ்சு விழுவாரு."

"அப்ப உன் ஃபாரத்த நான் எழுதப்போறதில்ல, போ. உனக்குப் பல்லெல்லாம் கொட்டினப்புறம் வேற எவளாவது வந்து எழுதட்டும்."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

படிவத்தின் தலைமாட்டில் பெயரும் முகவரியும் எழுதிய துண்டு ஒன்று உண்டு. அதற்குக் கீழே, டாக்டர்கள் படிக்கிற பகுதியில், பெயர் கிடையாது, வெறும் எண் மட்டும். துண்டை அலுவலகத்தில், அதிகாரியின் கண்ணெதிரே கிழித்து உறையில் போட வேண்டும் என்பது விதி. விதிகளை வரி பிசகாமல் ஒப்பிக்கக்கூடியவரான அக்கா, பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அழுத்திப் பிடித்து, கோணாமல் அங்கேயே கிழித்தார். துண்டை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். பிறகு பேனாவைத் திறந்தார்.