கூறைப்புடவைத் துண்டு

எனக்குக் கோபம் சட்டென்று வரும், சீக்கிரம் போகாது. அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

சனிக்கிழமைதோறும் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து கடலூர் மஞ்சக்குப்பம் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒரு வீட்டு மாடியில் ஒன்பது பெண்கள் உட்கார்ந்து கிரேஸி குவில்ட் என்கிற ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரிதான் டீச்சர். எங்களைவிடச் சின்னவள், யூடியூப் பார்த்துக் கற்றவள். அடியில் ஒரு பருத்தித் துணி. அதன்மேல் பட்டு, வெல்வெட் என்று கையில் கிடைத்த துண்டுகளைக் கோணல்மாணலாக வைத்துத் தைத்து, ஓரங்கள் சேருமிடத்தை எம்பிராய்டரியால் மறைக்க வேண்டும். ஒரு பக்கம் மாதிரி இன்னொரு பக்கம் இருக்கவே கூடாது. கோலம் போட்டுப் பழகிய கைகளுக்கு இது லேசில் வரவில்லை. இந்தப் பக்கம் ஒரு பச்சை வைத்தால் அந்தப் பக்கமும் ஒரு பச்சை வைத்துவிடுவோம். டீச்சர் தலையில் அடித்துக்கொள்வாள்.

என் கணவர் இறந்து அப்போது இரண்டு வருடம். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் என்றுதான் சேர்ந்தேன். முதல் நாளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் முதுநகரிலிருந்து வருகிற அக்கா. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். அவருக்கும் கணவர் இல்லை, போய்ப் பல வருடமாகிறது. வாரா வாரம் டெய்லர் கடையில் வாங்கிய துண்டுகளோடு வருவார். அவ்வளவு பொடியாக, நெருக்கமாகத் தைக்கிற கை எங்களில் வேறு யாருக்கும் இல்லை.

குறிஞ்சிப்பாடியிலிருந்து வருகிற பெண்ணுக்கு வளைகாப்பு நாள் குறித்தார்கள். மற்ற எட்டுப் பேரும் ஆளுக்கொரு சதுரம் தைத்து, எல்லாவற்றையும் இணைத்து, மடியில் போர்த்திக்கொள்கிற மாதிரி ஒரு குவில்ட் கொடுப்பது என்று முடிவானது.

பீரோவிலிருந்து என் கூறைப்புடவையை எடுத்தேன். அரக்கு நிறம். கட்டவும் வழியில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனசில்லை. அதைவிட நல்ல துணி என்னிடம் கிடையாது. முந்தானையில் உள்ளங்கை அகலம் வெட்டினேன். அதைச் சதுரத்தின் நடுவில் வைத்து, சுற்றிலும் மஞ்சள் நூலில் இறகு இறகாகத் தைத்தேன். மூன்று நாள் பிடித்தது. கொண்டுபோனபோது டீச்சர் தடவிப் பார்த்து, எந்தப் புடவை என்று கேட்டாள். பெருமையாகத்தான் சொன்னேன். சட்டென்று எல்லாரும் குனிந்து ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார்கள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை எட்டுச் சதுரமும் இணைந்து மேஜைமேல் விரிந்து கிடந்தது. என்னுடையதைத் தேடினேன். மஞ்சள் தையலில் பாதி தெரிந்தது. நடுவில் அரக்கு இல்லை, அதன்மேல் ஒரு ரோஸ் சாட்டின் உட்கார்ந்திருந்தது. தப்பு வந்தால் பிரிக்க வேண்டாம், மேலே வேறொரு துண்டை வைத்துத் தைத்துவிடலாம் என்பது இந்த வேலையில் ஒரு வழக்கம். என் கல்யாணப் புடவையைத் தப்பு என்று மூடியிருந்தார்கள்.

யார் செய்தது என்று கேட்டேன். டீச்சர் மட்டும், "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. சடங்குக்குப் போற பொருளு. அவுங்க மாமியாருக்குத் தெரிஞ்சா சங்கடம்" என்றாள்.

மாமியாருக்கு எப்படித் தெரியும்? துணியில் எழுதி ஒட்டியிருக்கிறதா? கத்தினேன். தெரு வரைக்கும் கேட்டிருக்கும். எல்லாரும் படித்தவர்கள், பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். வாரா வாரம் என் கேரியர் புளியோதரையை வழித்துச் சாப்பிட்டவர்கள். என் கைச் சோறு ஆகும், என் துணி ஆகாது.

கத்தரியை எடுத்து சாட்டினைப் பிரிக்க ஆரம்பித்தேன். நாலு தையல் வெட்டுவதற்குள் கை நின்றுவிட்டது. அவ்வளவு பொடித் தையல். நிமிர்ந்து முதுநகர் அக்காவைப் பார்த்தேன். அவர் மறைக்கவில்லை. சொன்னால் நான் உடைந்துபோவேன் என்றுதான் சொல்லாமல் செய்தாராம். நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் பழி என் தலையில் விழுமே என்று பயந்தாராம்.

மற்றவர்கள்மேல் வந்த கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. நீங்களே இப்படிச் செய்யலாமா, அடுத்த வாரம் உங்கள் கூறைப்புடவையைக் கொண்டுவாருங்கள், இரண்டையும் வெட்டி நமக்கென்று ஒன்று தைப்போம் என்றேன்.

அக்கா நூல்கண்டை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"எங்கிட்ட எங்க இருக்கு? பதினாறாம் நாளே என் நாத்தனார் பீரோவத் தொறந்து எடுத்து யாருக்கோ குடுத்துட்டாங்க. என்னய ஒரு வார்த்த கேக்கல."

இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவருக்கு அது ஆறவில்லை. எனக்கு இரக்கம் வந்தது, கோபமும் போகவில்லை.

"என்னையும் நீங்க கேக்கலயேக்கா" என்றேன்.

என் சதுரத்தின் நான்கு பக்கமும் பிரித்து, சாட்டினோடேயே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். குவில்டில் ஓட்டை விழுந்தது. யாரும் தடுக்கவில்லை. நான் செருப்பு மாட்டும்போது, அக்கா அந்த ஓட்டையின் இரண்டு ஓரங்களையும் விரலால் இழுத்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.