குதிருக்குப் பின்னால்

மூடிய கதவுக்குள் மகள் சொறிகிற சத்தம். ஆறு வருஷமாக அவளுக்குத் தோலில் கரப்பான் நோய். அந்தச் சரக் சரக் என்னை ஜவ்வாது மலையில் எங்கள் பழைய வீட்டுக்கு இழுத்துப்போகிறது.

அங்கே சாமை கொட்டிவைக்கும் பெரிய மண்குதிருக்குப் பின்னால் பகலில் இதே சத்தம் வரும். எலி என்று அப்பா பொறி வைத்தார். ஒன்றும் விழவில்லை. பூனை கொண்டுவந்தார். அது அந்த மூலையை வெறித்துப் பார்த்ததோடு சரி, கிட்டவே போகவில்லை.

அப்பாவின் தங்கைக்கும் கரப்பான்தான். முழங்கை மடிப்பு வெடித்து நீர் வடியும். சாமைத் தூசி பட்டால் அரிப்பு கூடுமென்று அத்தையை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு அறுப்புக்குப் போவோம். நல்லதுக்குத்தான் செய்தோம்.

ஒருநாள் தண்ணீர் குடிக்க ஓடிவந்தவள் குதிருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அத்தை உட்கார்ந்திருந்தாள். சொறிந்தது கையை இல்லை, சுவரை. நகமெல்லாம் செம்மண்.

"இன்னா அத்தே பண்ற?"

"தோல்ல இல்லடி, இப்ப உள்ளார அரிக்குது. அங்க கை போவமாட்டேங்குது." சிரித்தாள். "யார்கிட்டயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை.

சில நாளில் சத்தம் நின்றது. "எலி போய்டுச்சி" என்று அம்மா நிம்மதியானாள். அன்று சாயங்காலம் அத்தையைக் காணோம். காடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

இப்போது மகளின் அறையிலும் சத்தம் நின்றுவிட்டது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். திறந்தாள். அவள் நகங்களுக்குள் சுவரின் நீலப் பெயின்ட்.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா."

"சொல்லுவேன்" என்று அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.