செல்வதாஸ் கீழே வைத்த பேனா

அருமனைப் பக்கத்தில் நிலத் தரகர் செல்வதாஸின் நாக்கைப் பற்றிக் கதைகள் ஏராளம். வெறும் பாறையைக் காட்டி, "இதுக்க அடியில தண்ணி கிடக்கு" என்று அவர் அடித்துச் சொன்னதில் பாறைக்கே ரோஷம் வந்து மறுநாள் ஊற்று விட்டதாம். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம்பாதவர்கள் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த நாக்கும் ஒருநாள் வறண்டுபோனது.

2011ஆம் வருஷம். துபாயில் வேலை பார்த்த டைட்டஸ், விடுப்பில் வந்தபோது தன் ஐம்பது சென்ட் ரப்பர் தோட்டத்தை விற்பதற்குச் செல்வதாஸின் பேரில் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தான். அன்றே பத்திர எழுத்தர் சொன்னார்: "தோட்டம் உமக்கு இல்ல வே. அவனுக்குப் பதிலா கையெழுத்துப் போடத்தான் நீரு. அவன் உயிரோட இருக்கது வரைக்கும்தான் இந்தப் பேப்பரு."

"முப்பத்தஞ்சு வயசுப் பய. என்னைப் பொதைச்சிட்டுத்தான் வே அவன் போவான்" என்று செல்வதாஸ் சிரித்தார்.

நாலு மாதம் கழித்து, பத்திர ஆபீஸ் வராந்தாவில் அவர் பேனா மூடியைக் கழற்றும்போது போன் அடித்தது. டைட்டஸின் மனைவி ஷெர்லி.

"அண்ணே, அவிய போயிட்டாவ... கம்பெனியில இருந்து இப்பந்தான் விளிச்சாவ."

தோட்டத்தை வாங்க வந்திருந்த களியக்காவிளை மர வியாபாரி சுயம்புலிங்கத்துக்கு அழுகை போனுக்கு வெளியேயே கேட்டது. குரலைத் தாழ்த்தினார். "நமக்கு ரெண்டு பேருக்குத்தானே தெரியும்? கால் மணிக்கூர் கழிச்சு போன் வந்ததா நினையும். ஒப்பு போடும் வே."

போட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால், யாருக்குப் பதிலாகப் போடுவது? விற்பனைப் பத்திரத்தில் இருந்த டைட்டஸின் பெயரைப் பார்த்தார் செல்வதாஸ். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"இனி அது ஷெர்லிக்கும் பிள்ளையளுக்கும் உள்ள மண்ணு. நான் யாரு அதை விக்க?"

"கமிஷன் போச்சே, பைத்தியக்காரா!"

"போவட்டும்."

வாரிசுச் சான்றிதழ் வந்த பிறகுதான் செல்வதாஸ் ஷெர்லியின் வீட்டுப் படி ஏறினார். "சுயம்புலிங்கம் இப்பவும் கேக்கான். குடுக்கியா மக்கா?"

"வேண்டாம் அண்ணே. ரப்பர் பால் வெட்டி நானும் பிள்ளையளும் பெழைச்சுக்குவோம்."

அவர் மறுத்துப் பேசவில்லை. பையிலிருந்து பவர் பத்திரத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இது இனி எதுக்கு அண்ணே?"

"ஒண்ணுத்துக்கும் ஆவாது. அவனுக்க ஒப்பு கிடக்கு பாரு."

ஷெர்லி அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள். செல்வதாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.