தட்டில் வடிந்த சிவப்பு நீர்

கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் இருமல் வந்தது. சாக்பீஸ் தூசு என்று இரண்டு மாதம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். தொண்ணூற்றேழில் செங்கல்பட்டில் ஆசிரியையாக இருந்தேன். சளியைச் சோதித்த டாக்டர் காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமி நோய்) என்றார். ஆறு மாதம் மாத்திரை. சளியில் கிருமி இல்லையென்று தெரியும்வரை மூன்று வயது மகள் கயல் என்னோடு இருக்கக் கூடாது. மாமல்லபுரத்திலிருந்து தங்கை வந்து அவளைத் தூக்கிப்போனாள்.

வெறிச்சென்று கிடந்த வீட்டில் எனக்காக மணி பிளாண்ட் கொடி ஒன்றை என் கணவர் கொண்டுவந்தார். கேட்டு வாங்கினால் வளராது, திருடித்தான் வைக்க வேண்டும் என்பார்களே. டிக்கெட் எடுக்காமல் ஒரு ஸ்டாப்கூடப் போகாத மனிதர், பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு துண்டைக் கிள்ளி வேட்டி மடிப்பில் ஒளித்து வந்தார். அந்த வீட்டு ஸ்டெல்லா அக்கா பார்த்தும் பார்க்காததுபோல் நின்றாராம்.

ஜன்னலோரத் தொட்டியில் அது பிடித்துக்கொண்டது. புது இலைகளை எண்ணித்தான் கயல் இல்லாத நாட்களைக் கடத்தினேன்.

ஆறாவது வாரம் இருமல் நின்றது. மாத்திரையோ குமட்டியது. குணமாகிவிட்டதாக நானே முடிவுகட்டி, தினமும் ரிஃபாம்பிசினை (கிருமியைக் கொல்லும் சிவப்பு மாத்திரை) தொட்டி மண்ணில் புதைத்தேன். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை முகத்தைப் பார்த்தே பிடிக்கிறவள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அடித்தட்டில் சிவப்பாக வடிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா இது? ரத்தம் வருதா உனக்கு? எனக்குத் தெரியக் கூடாதுன்னு இதுல துப்பிக்கினு இருந்தியா?"

"ரத்தம் இல்லீங்க. மாத்திரை."

அவர் திட்டவில்லை. விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்து அழுதார். திட்டியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

டாக்டர் மட்டும் கடிந்துகொண்டார். "பாதியில வுட்டா கிருமி மருந்துக்குப் பழகிடும்மா. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

மறுபடி முதல் நாள். நான் விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகே கணவர் வேலைக்குக் கிளம்பினார். கயல் வீடு திரும்பியபோது கொடி ஜன்னலைத் தாண்டி கதவு நிலைக்கு வந்திருந்தது. அவள் என் தங்கையின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தங்கையை அம்மா என்று கூப்பிட்டாள்.

இதே மாத்திரைகளோடு இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இப்போது கயல் கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறாள். நான் திருக்கழுக்குன்றம் மலைப்படிகளை நின்று நின்றாவது ஏறிவிடுகிறேன். ஆனாலும் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் தட்டில் முதல் சொட்டு விழும்வரை காத்திருக்கிறேன். அது தெளிவாக விழுந்த பிறகுதான் மூச்சை விடுகிறேன்.