கடல் தெரிகிற மாதிரி ஒரு ரூம்

ஊரே ஊட்டிக்கு வருகிறது. ஊட்டிக்காரர்களையும் குன்னூர்க்காரர்களையும் வெளியே அனுப்பிவைப்பது என் பிழைப்பு. குன்னூர் பெட்போர்டு பக்கம் ஒரு மாடியறையில் பதினேழு வருடமாக டிராவல்ஸ் நடத்துகிறேன். முதலில் ரயில் டிக்கெட், அப்புறம் விமான டிக்கெட், இப்போது கொஞ்ச காலமாகக் கிரேக்கத் தீவு. யாரோ ஒரு புண்ணியவான் சான்டோரினி போய் வெள்ளைச் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துப் போட்டாலும் போட்டார், மலை முழுக்க அந்தச் சுவர் மேல் ஆசை வந்துவிட்டது. டிக்கெட் போடுவது பத்து நிமிட வேலை. விசா ஒரு மாத வேலை. எங்கே தங்குவது என்று முடிவு செய்வதுதான் ஜென்ம வேலை.

அந்தத் தீவைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் போதும், என் பாடு உங்களுக்குப் புரிந்துவிடும். மேற்கே செங்குத்தான மலை விளிம்பு. படத்தில் வருகிற அறைகள் எல்லாம் அங்கேதான். கட்டிலில் இருந்தே கடல் தெரியும், ஆனால் ஏறி இறங்கப் படிக்கட்டு, குளிக்கக் கடற்கரை கிடையாது. கிழக்கே சமதரை, கறுப்பு மணல் கடற்கரை, வாசலில் பஸ். ஆனால் படத்தில் பார்த்த அந்தக் காட்சி இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும் என்று கேட்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. துணிக்கடையிலோ நகைக்கடையிலோ உட்கார்ந்து "வேற காட்டுங்க" என்ற இரண்டு வார்த்தையை நாள் முழுக்கக் கேட்கும் சகபாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டூல்

ஊட்டியில் ஹோம்ஸ்டே நடத்தும் சுந்தரம் ஒரு மத்தியானம் மனைவியோடு வந்து உட்கார்ந்தார். வருகிறவர்களுக்கு அறை காட்டியே இருபது வருடம் கழித்த மனிதர். அவருக்கு நான் அறை காட்டுவது திருநெல்வேலிக்கே அல்வா கொடுக்கிற வேலை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. கம்ப்யூட்டரில் படங்களைத் தள்ளினேன். "இதைத் தரையில நின்னு எடுக்கலீங்க, தண்ணித் தொட்டி மேல ஏறி எடுத்திருக்கான்" என்றார் முதல் ஓட்டலுக்கு. இரண்டாவதற்கு, "கட்டிலை மூலையில தள்ளி ரூமைப் பெருசாக் காட்டறான். கதவைத் தொறந்தாக் கட்டில்ல இடிக்கும்." மூன்றாவதில் ஒரு ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. "அந்தப் பக்கம் அடுத்த ஓட்டல் செவுரு" என்று தீர்ப்பு வந்தது. இப்படியே பதினொரு ஓட்டலைக் கழித்துக்கட்டினார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. உலகத்தில் எல்லாருமாங்க பொய் சொல்வார்கள் என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. ஒரே தொழிலில் இருப்பவளிடம் பேசுகிற நிதானத்தோடு சொன்னார்: "நானும் லேக் வியூன்னுதானுங்க போர்டு வெச்சிருக்கேன். பொய் இல்லீங்க, லேக் தெரியும். பாத்ரூம்ல ஸ்டூல் போட்டு ஏறோணும், அவ்வளவுதான்."

பழனிசாமியின் நோட்டு

பழனிசாமி, அருவங்காடு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் அவரோடு நடக்கப் போகிற நண்பர்கள் ஆளுக்கொரு வெளிநாடு போய்வந்துவிட்டார்கள்; இவர் மட்டும் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. துபாய், சிங்கப்பூர், தாய்லாந்து எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டதில் இவருக்கு மிஞ்சியது கிரேக்கம். தேவைகளை ஒரு நீள நோட்டில் எண் போட்டு எழுதிவந்திருந்தார். தரைத்தளம். வெந்நீர். கதவுக்கு உள்தாழ்ப்பாள். பக்கத்தில் மெடிக்கல் ஷாப். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரம்.

கூட வந்த அவர் மனைவி சரஸ்வதி அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மரியாதைக்காக, உங்களுக்கு என்னம்மா வேணும் என்று கேட்டுவைத்தேன். கேள்வி தன்னிடம்தான் என்று அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "படுத்துட்டே பாத்தாக் கடல் தெரியோணுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். பழனிசாமி நோட்டில் இருந்து தலையை எடுக்கவில்லை. கடல் எங்கேயும் போய்விடாது, வெளியே வந்தால் தெரியப்போகிறது என்றார். அந்த அம்மா குரலைத் தாழ்த்தாமல் என்னிடம் சொன்னார்: "கன்னியாகுமரி போனோம், பஸ் ஸ்டாண்டு பாத்த ரூமு. ராமேஸ்வரம் போனோம், பஸ் ஸ்டாண்டு பாத்த ரூமு. கோவா போனோம், அங்கயும் எப்படியோ தேடிக் கண்டுபுடிச்சுட்டாருங்க."

மழை வராத ஊர்

கேத்தியில் கேரட் போடுகிற போஜன், மகள் கல்யாணத்தை முடித்த கையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் எங்காவது போக வேண்டும் என்று வந்தார். நீச்சல்குளம் உள்ள ஓட்டல் ஒன்றைப் பெருமையாகக் காட்டினேன். படத்தை வெகுநேரம் பார்த்தார். கடலுக்குப் பக்கத்தில் குளம் எதற்கு என்று கேட்டார். அழகுக்கு என்றேன். ஆகஸ்டில் மழை எப்படி என்றார். மழையே வராது, அதுதான் அங்கே விசேஷம் என்றேன். விவசாயியிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது என்று அவர் முகம் மாறிய பிறகுதான் தெரிந்தது.

சீசனில் நம் ஊரில் ஓட்டல் வாசலுக்கெல்லாம் தண்ணீர் லாரி போவதையும், அதே வாரம் நம் குழாயில் காற்று மட்டும் வருவதையும் அவரும் பார்த்திருக்கிறார், நானும் பார்த்திருக்கிறேன். குளம் இல்லாத, சின்னதாக ஒரு குடும்பம் நடத்துகிற விடுதி போதும் என்று அவரே தேர்ந்தெடுத்தார். எழுந்து போகும்போது கேட்டார்: "ஏனுங்க, நாம அங்க குளிச்சுட்டு இருக்கறப்ப அந்த ஊர்ப் பொம்பளைங்க குடத்தைத் தூக்கிட்டு எங்கியாச்சும் நிப்பாங்களா?"

மேலேயே இருந்து பழகியவர்கள்

கோத்தகிரியில் இருந்து ஒரு வாத்தியார் தம்பதி. கடற்கரை விடுமுறை என்று கேட்டு வந்தவர்கள். வெயில் எவ்வளவு என்று கேட்டார்கள், சொன்னேன். தீவிலேயே உயரமான கிராமம் எது, அங்கே சாயங்காலம் குளிருமா, மூடுபனி உண்டா என்று அடுத்தடுத்துக் கேட்டு, கடைசியில் நடுத்தீவில் குன்றின் மேல் ஒரு வீட்டைப் பிடித்தார்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு கடற்கரை விடுமுறைக்குப் போனவர்கள் உலகத்திலேயே இவர்களாகத்தான் இருக்க வேண்டும். கடல் தூரமாயிற்றே சார் என்றேன். "அது பாட்டுக்குக் கீழ இருக்கட்டுங்க, நமக்கு மேல இருந்தாத்தான் தூக்கம் வரும்."

முட்டி

சரஸ்வதி அம்மா கேட்டது மனசில் கிடந்ததால், மலை விளிம்பில் ஒரு அறையைத் தேடிப் பிடித்தேன். கட்டிலுக்கு நேர் எதிரே கதவு, கதவைத் திறந்தால் கடல். சுந்தரத்திடம் காட்டிச் சோதித்துவிட்டுத்தான் இவர்களிடம் காட்டினேன். பழனிசாமி படத்தைப் பார்க்காமல் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தார். சாலையில் இருந்து அறைக்குக் கீழே இறங்க நூற்றுப் பதினாறு படி.

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அது போதுமானதாக இருந்தது. மனைவிக்கு முட்டி வலி, டாக்டர் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார், இவ்வளவு படி எப்படி ஏறி இறங்குவாள் என்று அக்கறையோடு விளக்கினார். அக்கறை நிஜம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "ரோட்டுல இருந்து எங்க ஊட்டுக்கு எம்பத்திரெண்டு படிங்க. அரிசி மூட்டைல இருந்து அத்தனையும் நாந்தான் எடுத்துட்டுப் போறேன். அப்பெல்லாம் இந்த முட்டியை யாரும் கேக்கலீங்க."

குகை அறை

மலை விளிம்பில் பாறையைக் குடைந்து கட்டிய அறைகள் உண்டு. குகை அறை என்று அவற்றுக்குத் தனி மவுசு. ஜெர்மனியில் நர்சாக இருக்கும் ஒரு பெண், அப்பா அம்மாவைத் தீவுக்கு வரவழைத்துச் சேர்ந்து தங்க ஆசைப்பட்டு, அப்படி ஓர் அறையைப் பார்த்து வைத்திருந்தாள். அப்பா ராமையா சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து இங்கே வந்தவர். இந்தப் பக்கத்து எஸ்டேட்டிலேயே, தொழிலாளர்களுக்கு லயம் என்று வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகளில் ஒன்றில் குடியிருந்து, வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் படத்தைக் காட்டுவது என் பொறுப்பாக இருந்தது.

ஒரே அறை. ஒரே கதவு. ஜன்னல் இல்லை. வெள்ளையடித்த வளைந்த கூரை. இதற்குத்தான் ஒரு வருடம் முன்னாலேயே ஆட்கள் முந்துகிறார்கள் என்று நான் அளந்துகொண்டே போனேன். ராமையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடியும் பார்த்தார். சிரிக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. "இது லயத்துக் காம்பராதானே புள்ள. இதுக்குள்ள இருந்து வெளிய வரத்தான் மகளைப் படிக்க வச்சம். இப்ப அவ காசு குடுத்து உள்ள கூப்புடுறா."

போனில் வந்த உத்தரவு

விசாவுக்கு மனு போட நான்கு நாள் இருக்கும்போது பழனிசாமி போன் செய்தார். கிழக்குப் பக்கம் ஒரு விடுதியை அவரே கண்டுபிடித்திருந்தார். தரைத்தளம், பின்பக்க முற்றம் பார்த்த அறை, பஸ் நிற்கிற இடம் நாற்பது அடி. அதையே போட்டுவிடச் சொன்னார். அம்மா கேட்டால் என்ன சொல்வது என்றேன். கடல் தெரியும் என்று சொல்லிவைக்கச் சொன்னார்.

நான் சரிங்க என்றேன். வாடிக்கையாளர் சொன்னால் சரி என்று சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. போனை வைத்த பிறகு எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது. அவர் கெட்டவர் இல்லை. வைப்பதற்கு முன்னால் மனைவியைப் பற்றி நல்லதாகத்தான் ஒரு வார்த்தை சொன்னார்: "அவ எப்பவும் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாளுங்க. அதுல ஒரு கொறை சொல்ல முடியாது."

கையெழுத்து

விசா மனுவில் ஆளுக்கு ஆள் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். இருவரும் வந்தார்கள். பழனிசாமி மளமளவென்று போட்டார். சரஸ்வதி அம்மா பேனாவைத் திறந்து, மேலே இருந்த ஓட்டல் தாளைத் தொட்டு, "ரூமு எதுங்க இதுல?" என்றார். நான் பழனிசாமியைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். கடல் தெரியும் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த அம்மா அதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கே போய்க் கதவைத் திறந்து பார்ப்பாரே என்று நினைத்ததும் எனக்கு வாய் வரவில்லை. பின்பக்க முற்றம் பார்த்த ரூமும்மா என்று சொல்லிவிட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை, அழவில்லை. பழனிசாமி முட்டியைச் சொன்னார், படியைச் சொன்னார், காற்றைச் சொன்னார், பஸ்ஸைச் சொன்னார். எல்லாவற்றையும் முழுசாகக் கேட்டுவிட்டு அந்த அம்மா பேனாவை மூடி என் மேஜை மேல் வைத்தார். "நீங்க போயிட்டு வாங்க. முற்றத்தைப் பாக்கறதுக்கு எனக்கு எதுக்குங்க விசா, அது நம்மூட்டுலயே இருக்குது."

பழனிசாமி எழுந்து கீழே டீக்கடைக்குப் போனார். திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. தனியாகப் போய் அங்கே யாரை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்வது என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வந்தவர் என் பக்கம் திரும்பாமல் நோட்டை விரித்து, தரைத்தளம் என்று எழுதியிருந்ததை அடித்தார். "அந்தக் கடல் பாத்த ரூமையே போடுங்க. நூத்திப் பதினாறு படியில நடுவுல உக்கார எடமிருக்குமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

போய்வந்த பிறகு

போய்வந்து ஒரு வாரம் கழித்து சரஸ்வதி அம்மா தனியாக வந்தார். இவர்கள் விஷயத்தில் எனக்கு உள்ளூரப் பயம் இருந்தது. படம் வேறு, நிஜம் வேறு என்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். கடல் தெரிஞ்சுதாம்மா என்றேன். தெரிந்ததாம். கட்டிலில் இருந்தே, சொன்ன மாதிரியே. படிகளை அந்த அம்மா நிதானமாக ஏறிவிட்டாராம். இரண்டாம் நாளே மூச்சு வாங்கி உட்கார்ந்தது பழனிசாமிதானாம். காப்பி குடிக்க மேலே கடைத்தெரு வரை ஏற அவருக்குத் தெம்பில்லை. அறையிலேயே அடுப்பு இருந்தது, அம்மா கட்டி எடுத்துப்போன காப்பித்தூள் இருந்தது.

அதற்கு மேல் நடந்ததை அவர் வார்த்தையிலேயே தருகிறேன். "விடியக்காலம் கண்ணைத் தொறந்தாக் கடலுங்க. எந்திரிக்க மனசே வல்லீங்க எனக்கு. அவரு ரெண்டு தடவ இருமிப் பாத்தாரு, நான் திரும்பல. அப்புறம் அவரே போயிப் போட்டுக் கொண்டாந்து குடுத்தாரு. நல்லாவே இருந்துச்சுங்க காப்பி. முப்பத்தி நாலு வருசமா இது தெரியும்னு அந்த மனுசன் வாயத் தொறக்கவே இல்ல பாருங்க."

கட்டிலில் இருந்து கடல் தெரிவதற்கு மட்டும்தான் நான் பொறுப்பு. அதைப் பார்த்துக்கொண்டே அவரவர் வீட்டுக்காரரைப் பற்றிக் கண்டுபிடிக்கிற சங்கதிகளுக்கு டிராவல்ஸ் பொறுப்பேற்காது.